டாம் அண்ட் ஜெர்ரியில் முகமே காட்டாத அந்த அம்மா யார்? ஒரே படத்தில் ஆளும் குரலும் ஏன் மாறுகின்றன?

கேட்டவர்: ஜெர்ரி_கட்சி

பையனோடு சேர்ந்து பழைய டாம் அண்ட் ஜெர்ரி படங்களை மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹன்னா, பார்பெரா இருவரும் எடுத்த ஆரம்பகாலப் படங்கள்தான். அதில் ஒரு அம்மா அடிக்கடி வருவார், இடுப்புக்குக் கீழேதான் தெரியும், தடித்த கால், காலுறை, செருப்பு, ஏப்ரன், கையில் துடைப்பம். "தாமஸ்!" என்று அவர் கத்தினால் டாம் நடுங்கிப்போகும்.

இப்போது குழப்பம் என்னவென்றால், 'சாட்டர்டே ஈவ்னிங் புஸ்' என்ற படத்தை இரண்டு இடங்களில் பார்த்தேன். அம்மா வெளியே போனதும் டாம் தன் கூட்டாளிப் பூனைகளை வீட்டுக்குள் வரவழைத்து ஜாஸ் கச்சேரி நடத்துமே, அந்தப் படம். ஓரிடத்தில் வெளியே போவது நமக்குத் தெரிந்த அதே அம்மா. இன்னோரிடத்தில் ஒல்லியான ஒரு வெள்ளைக்காரப் பெண்! கதை அதேதான், பூனைகள் அதேதான், பாட்டும் அதேதான். இன்னும் சில படங்களில் அம்மா அதே கறுப்பின அம்மாவாக இருக்கிறார், ஆனால் குரல் வேறு யாருடையதோ. ஏன் இப்படி? அவர் அந்த வீட்டின் வேலைக்காரரா, சொந்தக்காரரா? பேசியது யார்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தக் குரல் ரொம்பப் பிடிக்கும்.

பதில் 1: பழையரீல்

நல்ல கேள்வி. அந்தப் பாத்திரத்துக்கு மேமி டூ ஷூஸ் என்று பெயர், ஆனால் நாம் பார்க்கும் படங்களில் யாரும் அவரை அப்படிக் கூப்பிடுவதாக எனக்கு நினைவில்லை, கார்ட்டூன் வரலாறு எழுதுபவர்களும் ரசிகர்களும்தான் அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறார்கள். டாம் அண்ட் ஜெர்ரியின் முதல் படம் 1940 பிப்ரவரியில் வந்த 'புஸ் கெட்ஸ் த பூட்', அதிலேயே அவர் உண்டு. அப்போது டாமுக்கு டாம் என்ற பெயர்கூடக் கிடையாது, ஜாஸ்பர் என்றுதான் அந்த அம்மா அதட்டுவார். இன்னும் ஒரு பொருளை உடைத்தால் வீட்டை விட்டு வெளியே போய்விட வேண்டியதுதான் என்கிறார், எலி அதைக் கேட்டுக்கொள்கிறது, கையில் ஒரு கண்ணாடிக் கோப்பையைத் தூக்கி வைத்துக்கொண்டு பூனையை மிரட்டுகிறது. மொத்தக் கதையும் அந்த ஒரு மிரட்டலில்தான் நிற்கிறது. அம்மாவை எடுத்துவிட்டால் எலிக்கு ஆயுதமே இல்லை.

ஆரம்பப் படங்கள் பலவற்றில் இதுதான் அமைப்பு. பூனைக்கு எலியைப் பிடிக்க வேண்டும், ஆனால் சத்தம் வரக்கூடாது, எதுவும் உடையக்கூடாது, ஏனென்றால் மாடியில் அந்த அம்மா இருக்கிறார். 'எ மவுஸ் இன் த ஹவுஸ்' (1947) பாருங்கள், டாமையும் புட்ச் பூனையையும் நிறுத்தி வைத்து, எலியைப் பிடிக்கிறவனுக்குத்தான் இந்த வீட்டில் இடம் என்று சொல்லிவிட்டுப் போவார். 'த லோன்சம் மவுஸ்' (1943) படத்தில் டாமை அவர் வெளியே துரத்திவிட, ஜெர்ரி முதலில் கொண்டாடுகிறது, அப்புறம் போரடித்துப்போய், டாமைத் திரும்பக் கொண்டுவர இரண்டும் சேர்ந்து அந்த அம்மாவை ஏமாற்றத் திட்டம் போடுகின்றன. பூனையும் எலியும் கூட்டாளியாக வேண்டுமென்றால்கூட எதிரில் அவர் வேண்டும்.

குரல் லில்லியன் ரண்டால்ஃப். வானொலியில் 'த கிரேட் கில்டர்ஸ்லீவ்' தொடரில் பர்டி என்ற வீட்டுப் பணியாளராகப் பல வருடம் பேசியவர், அமெரிக்காவில் அந்தக் குரலைத் தெரியாத வீடே இருந்திருக்காது. 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1946) பார்த்திருந்தால் அதில் பெய்லி வீட்டில் வேலை செய்யும் ஆனி அவர்தான். ஆனால் டாம் அண்ட் ஜெர்ரியில் அவர் பெயர் திரையில் வராது. தயாரிப்பாளர், இயக்குநர்கள், வரைந்தவர்கள், இசையமைத்த ஸ்காட் பிராட்லி என்று பெயர்கள் வரும், குரல் கொடுத்தவர்களுக்கு இடமில்லை. இத்தனை தலைமுறைக் குழந்தைகள் கேட்ட ஒரு குரல், பெயர் போடாமலே போனது என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தமான விஷயம்.

கடைசியாக அவர் வந்தது 'புஷ்-பட்டன் கிட்டி' (1952). டாமுக்குப் பதிலாக ஒரு இயந்திரப் பூனையை வாங்கி வைப்பார். டாம் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடும். அந்த இயந்திரம் வீட்டையே துவம்சம் செய்த பிறகு டாமே பரவாயில்லை என்று ஆகிவிடும்.

பதில் 2: ஃப்ரேம்24

பழையரீல் கதையைச் சொல்லிவிட்டார், நான் படங்கள் மாறிய விவகாரத்தைச் சொல்கிறேன், அனிமேஷன் வேலை பார்ப்பதால் எனக்கு இதில் தனி ஆர்வம்.

1965ல் அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சி டாம் அண்ட் ஜெர்ரியை சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சியாகக் கொண்டுவந்தது. தியேட்டரில் பெரியவர்களும் சேர்ந்து பார்த்த படங்கள் இப்போது வீட்டுக்குள் குழந்தைகளுக்காக வருகின்றன, அதுவும் கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த வருடங்களில். கறுப்பின வேலைக்காரப் பெண் என்ற கேலிச்சித்திரத்தை அப்படியே காட்ட முடியாது என்று முடிவானது. அப்போது, இந்தப் படங்களைத் தயாரித்த எம்ஜிஎம் ஸ்டுடியோவுக்காக டாம் அண்ட் ஜெர்ரி எடுத்துக்கொண்டிருந்தது சக் ஜோன்ஸ் குழு. அவர்கள் பழைய படங்கள் சிலவற்றை எடுத்து, ஒவ்வொரு ஃப்ரேமாக, அந்த அம்மா இருக்கும் இடத்தில் மேலேயே வேறு ஒரு பெண்ணை வரைந்து மாற்றினார்கள். பெரும்பாலும் அதே பருமனுள்ள ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, குரலில் ஐரிஷ் வாடை. 'சாட்டர்டே ஈவ்னிங் புஸ்' படத்தில் மட்டும் ஒல்லியான இளம்பெண்ணாக்கிவிட்டார்கள், நீங்கள் பார்த்தது அதுதான். இரண்டுக்கும் குரல் ஜூன் ஃபோரே. ராக்கி என்ற பறக்கும் அணிலுக்கும் வார்னர் படங்களில் வரும் சூனியக்காரி ஹேசலுக்கும் பேசியவர், மிகப் பெரிய கலைஞர். அவர் வேலையில் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

ஆனால் மாற்றிய படத்தைக் கவனித்துப் பாருங்கள், எங்கேயோ இடிக்கும். ஏனென்றால் மூலப் படத்தில் எல்லாமே அந்த அம்மாவின் எடைக்காகத் திட்டமிட்டது. அவர் கோபத்தோடு தெருவில் ஓடிவரும்போது ஒவ்வொரு அடியும் தரையில் விழும் விதம், கதவைத் திறக்கும் வேகம், அதற்கேற்ப பிராட்லி எழுதிய இசை. அந்த ஓட்டத்தை ஒரு ஒல்லிப் பெண்ணுக்கு மாட்டிவிட்டால், இவ்வளவு பெரிய நான்கு பூனைகள் இவளுக்கா பயப்படுகின்றன என்று தோன்றிவிடும். நகைச்சுவையே பயத்தில் இருக்கிறது, பயம் எடையில் இருக்கிறது.

இன்னொரு தகவல்: அந்த மூலப் படத்தில், ஓடிவரும் அந்தக் காட்சியில்தான், ஒரு கணம் அவர் முகம் தெரியும். கண்ணிமைத்தால் போய்விடும். நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும்.

முகம் ஏன் காட்டவில்லை என்றும் பலர் கேட்பார்கள். கேமரா பூனை உயரத்தில் இருக்கிறது, அதுதான் காரணம் என்பது என் கருத்து. மனித முகம் வந்தால் பார்வையாளர் கண் அங்கே போய்விடும், அது வேறு படமாகிவிடும். இதை டாம் அண்ட் ஜெர்ரி கண்டுபிடிக்கவில்லை, 1935ல் டிஸ்னி எடுத்த 'த்ரீ ஆர்ஃபன் கிட்டன்ஸ்' படத்திலேயே இதே மாதிரி கால் மட்டும் தெரிகிற கறுப்பின வேலைக்காரப் பெண் உண்டு.

குரல் மட்டும் மாறிய படங்கள் தனிக் கதை. எம்ஜிஎம்மின் பழைய படங்கள் டர்னர் நிறுவனத்தின் கைக்கு 1986ல் போயின. அதற்குச் சில வருடம் கழித்து, மூலப் படங்களை அப்படியே வைத்துக்கொண்டு, லில்லியன் ரண்டால்ஃபின் குரலை மட்டும் எடுத்துவிட்டு, தியா விடேல் என்ற நகைச்சுவை நடிகையை வைத்துப் பேச வைத்தார்கள். கொச்சை உச்சரிப்பைக் குறைத்து, சாதாரணமாகப் பேசுகிற மாதிரி. நம் ஊரில் கார்ட்டூன் நெட்வொர்க் 1995ல் வந்தது, நம்மில் பலர் கேட்டு வளர்ந்தது அந்தக் குரலாகவே இருக்கலாம்.

பதில் 3: வானதி_கே

எல்லோரும் அந்த அம்மாவை ரசித்துப் பேசுகிறீர்கள், எனக்கும் பிடிக்கும், ஆனால் ஏன் எதிர்ப்பு வந்தது என்பதை ஒரு வரியில் கடந்துபோவது சரியில்லை என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் அடிமை முறை இருந்த காலத்திலிருந்தே 'மேமி' என்பது ஒரு வார்ப்பு, அதாவது கறுப்பினப் பெண்களை எப்போதும் ஒரே அச்சில் காட்டும் பாத்திரம். பருத்த உடம்பு, தலையில் துணி, எஜமான் வீட்டுக் குழந்தைகள்மேல் கொள்ளைப் பாசம், சொந்தக் குடும்பம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது, தன் நிலைமை பற்றி எந்த வருத்தமும் கிடையாது. அப்படி ஒரு சந்தோஷமான வேலைக்காரியைத் திரும்பத் திரும்பக் காட்டினால், அடிமை முறை அவ்வளவு கொடுமையானது இல்லை என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும், அதற்காகத்தான் அந்த வார்ப்பு. முதல் படத்திலேயே அந்த அம்மா பூனையை "அவுட்" என்று மிரட்டும்போது ஓ-டபிள்யூ-டி என்று தப்பாக எழுத்துக்கூட்டுவார். அதில் சிரிக்க வைப்பது எது? கறுப்பினப் பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதுதான் அங்கே சிரிப்பு. அவரைப் படிக்க விடாதது யார் என்ற கேள்வி அந்தச் சிரிப்பில் இல்லை.

இன்னொன்றும் சேர்த்துப் பாருங்கள். அந்த முதல் படம் வெளிவந்த அதே 1940 பிப்ரவரி மாதக் கடைசியில்தான் 'கான் வித் த விண்ட்' படத்தில் மேமியாக நடித்த ஹாட்டி மெக்டானியலுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர். விழா நடந்த ஓட்டலில் கறுப்பினத்தவரை உள்ளே விடும் வழக்கமில்லை, தயாரிப்பாளர் பேசி அனுமதி வாங்க வேண்டியிருந்தது, படக்குழுவோடு உட்கார வைக்காமல் ஓரமாகத் தனி மேசை போட்டார்கள். திரையில் மேமியை அவ்வளவு கொண்டாடிய ஊர், அதை நடித்த பெண்ணை நடத்திய விதம் இது. கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பின் வால்டர் வைட் 1942ல் ஹாலிவுட்டுக்கே போய், கறுப்பினத்தவரை எப்போதும் வேலைக்காரராகவும் கோமாளியாகவும் மட்டும் காட்டாதீர்கள் என்று ஸ்டுடியோக்காரர்களிடம் நேரில் பேசினார். அவர் கேட்டதில் எந்தத் தவறும் இல்லை.

அதனால், 1965ல் ஆளை மாற்றினார்கள் என்றால், அந்த முடிவுக்குப் பின்னால் நியாயமான கோபம் இருந்தது. அதை ஏதோ வீண் தொந்தரவு போல எழுத வேண்டாம்.

பதில் 4: பழையரீல்

வானதி சொன்னதை நான் முழுக்க ஏற்கிறேன், எதிர்ப்பு நியாயமானது. ஆனால் எதிர்ப்புக்குக் கிடைத்த பதில் நியாயமானதா என்பதுதான் என் கேள்வி, இதை ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

1946ல் அமெரிக்கக் கறுப்பின வாசகர்களுக்கான எபனி பத்திரிகை, லில்லியன் ரண்டால்ஃப் வானொலியில் செய்துவந்த பர்டி பாத்திரத்தை விமர்சித்து எழுதியது. அவரும் தொடரின் எழுத்தாளர் ஒருவரும் அதே பத்திரிகையில் பதில் கொடுத்தார்கள். அவருடைய வாதம் இதுதான்: இந்த வேடங்களை எதிர்ப்பதால் வேடங்கள் இல்லாமல் போகப்போவதில்லை, அவற்றைச் செய்கிறவர்களின் இனம்தான் மாறும்.

அப்புறம் என்ன நடந்தது என்று ஃப்ரேம்24 எழுதியிருப்பதை மறுபடி படியுங்கள். துடைப்பம் அப்படியே இருக்கிறது, ஏப்ரன் இருக்கிறது, அதட்டல் இருக்கிறது, பூனையை அடித்துத் துரத்துவது இருக்கிறது. தோல் நிறத்தை மாற்றினார்கள், குரலைத் துடைத்துவிட்டு இன்னொருவரைப் பேச வைத்தார்கள். எபனியில் அவர் சொல்லி இருபது வருடம்கூட ஆகவில்லை, அவர் பயந்தது அவர் உழைத்த படத்திலேயே, எழுத்துக்கு எழுத்து நடந்தது. கறுப்பினப் பெண்களுக்கு நல்ல வேடம் வேண்டும் என்றுதான் கேட்டார்கள். கிடைத்தது, இருந்த ஒரு குரலும் போனதுதான்.

1952க்குப் பிறகு எடுத்த படங்களிலும் இதேதான். 1954ல் 'பெட் பீவ்' படத்தில் டாமின் எஜமானர்களாக ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வருகிறார்கள், அதே மாதிரி முகம் தெரியாமல். பிறகு ஜீனி என்ற ஒரு பெண், குழந்தை பார்த்துக்கொள்ள வந்து எந்நேரமும் போனில் பேசிக்கொண்டிருப்பாள். இவர்களில் ஒருவர் குரலாவது உங்களுக்கு நினைவிருக்கிறதா? டாம் இவர்களுக்குப் பயப்படுகிற மாதிரி எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

வீட்டுச் சொந்தக்காரரா என்று கேட்டிருந்தீர்கள், அதை விட்டுவிட்டேன். படங்களிலிருந்தே இரண்டு பக்கமும் வாதம் செய்யலாம். ஏப்ரனும் பேச்சும் பணியாளர் என்கின்றன. ஆனால் இந்தப் படங்களில் அவருக்கு மேலே எஜமானர் என்று யாரும் வந்து உத்தரவு போடுவதை நான் பார்த்ததில்லை. 'சாட்டர்டே ஈவ்னிங் புஸ்' படத்தில் நகைகளை மாட்டிக்கொண்டு, நன்றாக உடுத்திக்கொண்டு, சனிக்கிழமை இரவு பிரிட்ஜ் கிளப்புக்குச் சீட்டாடக் கிளம்புகிறார். பூனை அவருடையது, குளிர்சாதனப் பெட்டி அவருடைய ஆளுகை, யாரை வைத்துக்கொள்வது யாரைத் துரத்துவது என்பது அவர் முடிவு. நான் அவரை வீட்டுக்காரம்மா என்றே எடுத்துக்கொள்கிறேன். மாற்றிய படத்தில் அந்தச் சீட்டாட்ட இரவும் போய்விட்டது என்பதையும் கவனியுங்கள், அவருக்கென்று இருந்த ஒரே சொந்த வாழ்க்கை அது.

பதில் 5: நிலாமுற்றம்

நான் இரண்டு குழந்தைகளின் அம்மா, என் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த அம்மாவைப் படத்திலிருந்து எடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. வரலாறு தெரிந்த நீங்கள் பார்த்தால் ஒன்று, ஐந்து வயதுக் குழந்தை பார்த்தால் வேறு. அதற்கு லில்லியன் ரண்டால்ஃபும் தெரியாது, எபனியும் தெரியாது, கறுப்பாக இருப்பவர்கள் என்றால் துடைப்பம் பிடிப்பவர்கள் என்று மட்டும் பதிந்துவிடும். நம் சினிமாவில் கறுப்பு நிறத்தை வைத்து எத்தனை 'காமெடி' வந்திருக்கிறது, அதைப் பார்த்துச் சிரித்து வளர்ந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் என்ன பேசுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். குழந்தைகளுக்கான சேனலில் வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் நான் அவர் பக்கம்தான்.

பதில் 6: ஃப்ரேம்24

நிலாமுற்றம், உங்கள் கவலை புரிகிறது, சேனலில் எதைப் போடுவது என்பது வேறு, படத்தையே மாற்றுவது வேறு. வேண்டாம் என்றால் காட்டாமல் விடலாம். காட்டிக்கொண்டே, அந்தப் பெண் அங்கே இருந்ததே இல்லை என்று ஆக்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2005ல் அமெரிக்காவில் வார்னர் வெளியிட்ட ஸ்பாட்லைட் கலெக்‌ஷன் இரண்டாம் டிவிடி தொகுப்பில் வேறு வழி காட்டினார்கள். படங்களுக்கு முன்னால் நடிகை வூப்பி கோல்ட்பர்க் வந்து பேசுவார், இதில் இருக்கும் இன வார்ப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு, ஆனால் மேமி டூ ஷூஸை இல்லாமல் ஆக்குவது அந்தத் தவறு நடக்கவே இல்லை என்று சொல்வதாகிவிடும் என்ற பொருளில். அதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் அதே நிறுவனம் 2013ல் வரவேண்டிய கோல்டன் கலெக்‌ஷன் இரண்டாம் தொகுப்பில் 'மவுஸ் க்ளீனிங்', 'கேசனோவா கேட்' இரண்டையும் சேர்க்காமல் விட்டது, ரசிகர்கள் சண்டை போட்டார்கள், கடைசியில் அந்தத் தொகுப்பே வெளிவரவில்லை. 'மவுஸ் க்ளீனிங்' படத்தில் டாம் கரி பூசிக்கொண்டு கறுப்பின ஆள் மாதிரி பேசும் ஒரு காட்சி உண்டு, அது நிஜமாகவே மோசமான காட்சி, அதைச் சின்னக் குழந்தைக்குப் போட்டுக் காட்டுங்கள் என்று நானும் சொல்ல மாட்டேன்.

கேட்டவர்: ஜெர்ரி_கட்சி

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த எபனி விஷயம் மனதை என்னவோ செய்கிறது. பையனுக்கு எட்டு வயது, கேட்டால் சொல்லிப் புரியவைக்கலாம். கடைசியாக ஒன்று, கையில் இருக்கிற படத்தில் கேட்பது லில்லியன் ரண்டால்ஃப் குரல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில் 7: பழையரீல்

ஆள் மாறியிருந்தால் பார்த்ததுமே தெரிந்துவிடும், அது ஜூன் ஃபோரே. ஆள் அதே ஆளாக இருந்தால் காதைத்தான் நம்ப வேண்டும். மாற்றிய ஒலியில் குரல் மட்டும் பளிச்சென்று தனியாக நிற்கும், அருகில் ஓடும் இசையும் சத்தங்களும் நாற்பதுகளின் ஒலிப்பதிவாக இருக்கும், இரண்டும் ஒட்டாது. லில்லியன் ரண்டால்ஃப் பேசியதில் குரலும் இசையும் ஒரே பழைய சத்தமாக இருக்கும். அப்புறம் பேச்சைக் கவனியுங்கள், அவர் கத்துவதற்கு முன்னால் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டே வருவார், கோபம் படிப்படியாக ஏறும், "தாமஸ்" என்ற பெயரை இழுத்து இழுத்து உயர்த்துவார்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தில் ஆனி பேசும் இடங்களை முதலில் கேளுங்கள். கடைசிக் காட்சியில் எல்லோரும் பணத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது, புருஷன் கிடைத்தால் விவாகரத்துக்கு ஆகும் என்று சேர்த்து வைத்திருந்தேன் என்று சொல்லித் தன் பங்கைப் போடுவார். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு உடனே 'புஸ் கெட்ஸ் த பூட்' போடுங்கள், அடையாளம் தெரிந்துவிடும். பையனிடம் அவர் பெயரையும் சொல்லுங்கள்.